கதையை எடைபோடக் கற்றுக்கொடுத்த மறைமலை அடிகள்

தாம்பரத்தில் செங்கல்பட்டு மின்சார ரெயில் ஏறினால் கூடுவாஞ்சேரி வரும். பிறகு பொத்தேரி. அதற்கடுத்து காட்டாங்குளத்தூர். அதையும் தாண்டினால் ஒரு நிலையத்தின் பலகையில் மறைமலைநகர் என்று எழுதி இருக்கும்.

காட்டாங்குளத்தூர் வட்டாரத்தில் கல்லூரிகள் நிறைய இருக்கின்றன. காலையிலும் மாலையிலும் அந்த ரெயிலில் மாணவர் கூட்டம் நிரம்பி வழியும். பக்கத்து ஊரின் பெயர் எல்லோருக்கும் தெரியும். மறைமலை என்பது மலையின் பெயர் என்று எண்ணுவோரும் உண்டு. அது ஒரு மனிதரின் பெயர். தமிழ் பாடம் நடத்தியவர். நாவல் எழுதியவர். ஒரு பாட்டையோ கதையையோ படித்தால் அது ஏன் நன்றாக இருக்கிறது என்று சொல்லத் தெரியவேண்டும் என்று மாணவர்களுக்குப் பழக்கியவர்.

சென்னைப் பெருநகர வளர்ச்சிக்கென 1980-ஐ ஒட்டி உருவான புதிய நகருக்கு அவர் பெயரைச் சூட்டினார்கள். அவர் இறந்து முப்பது ஆண்டு கழித்து!

பெயர் வேதாசலம்

நாகப்பட்டினத்தை அடுத்த காடம்பாடியில் 1876-ம் ஆண்டு ஜூலை 15-ந் தேதி அவர் பிறந்தார். தந்தை சொக்கநாத பிள்ளை. தாயார் சின்னம்மை. பெற்றோர் வைத்த பெயர் வேதாசலம்.

நாகையில் இருந்த வெஸ்லியன் மிஷன் பள்ளியில் சேர்த்தார்கள். ஆங்கிலம் நன்றாக வந்தது. பையனுக்குப் பன்னிரண்டு வயது ஆனபோது தந்தை இறந்துபோனார். சில ஆண்டுகளில் பள்ளிப் படிப்பும் நின்றது. பட்டம் இல்லை. கல்லூரி வாசலை மாணவராக அவர் மிதித்ததே கிடையாது.

ஆனால் நாகையில் ஒரு புத்தகக் கடை இருந்தது. கடைக்காரர் நாராயணசாமி பிள்ளை. அவர் வெறும் வியாபாரி அல்ல. பெரும் தமிழ்ப் புலவர். வேதாசலம் அவரிடம் போய்ச் சேர்ந்தார். தொல்காப்பியமும் சங்கப் பாட்டுகளும் சிலப்பதிகாரமும் அங்கேதான் படித்தார். புத்தகக் கடையே அவருக்குக் கல்லூரி!

அதே நாராயணசாமி பிள்ளையிடம் முன்பு தமிழ் கற்ற மற்றொருவர் திருவனந்தபுரத்தில் பேராசிரியராக இருந்தார். அவர்தான் மனோன்மணீயம் எழுதிய சுந்தரம் பிள்ளை. அந்த நாடகம் 1891-ல் வெளிவந்தது. லிட்டன் என்ற ஆங்கில ஆசிரியரின் கதை ஒன்றைத் தழுவித் தமிழ் மண்ணில் நடப்பதாக அவர் அமைத்திருந்தார். 1895-ல் வேதாசலம் திருவனந்தபுரம் சென்று அவரைச் சந்தித்தார். அங்கே சில காலம் பள்ளி ஆசிரியராகவும் இருந்தார். உடல்நலம் ஒத்துக்கொள்ளவில்லை. ஊர் திரும்பினார்.

வேற்று நாட்டுக் கதையைக் கொண்டுவந்து நம் ஊர் வேட்டி கட்டி நிறுத்தலாம் என்பதை அந்தப் பயணத்தில் அவர் கண்ணால் பார்த்துவிட்டார். பின்னால் இது உதவியது.

தேர்வில் நடந்த வேடிக்கை

1898-ம் ஆண்டு சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் தமிழாசிரியர் வேலை காலியாக இருந்தது. இப்போது அந்தக் கல்லூரி தாம்பரத்தில் இருக்கிறது. அங்கே வந்தது 1937-ல்தான். அப்போது சென்னைக் கோட்டைக்கு அருகே, ஜார்ஜ் டவுன் பகுதியில் இருந்தது.

அங்கே தமிழ்த் துறையில் இருந்தவர் வி.கோ.சூரியநாராயண சாஸ்திரி. பரிதிமாற் கலைஞர் என்று தம் பெயரைத் தமிழாக்கிக் கொண்டவர். அவர் 1897-ல் நாடகவியல் என்ற இலக்கண நூலை வெளியிட்டிருந்தார். நாடகம் என்றால் என்ன, அதன் உறுப்புகள் எவை, பாத்திரங்கள் எப்படி இருக்கவேண்டும் என்று வடமொழி முறையையும் ஆங்கில முறையையும் பார்த்துத் தமிழில் வகுத்துச் சொன்ன நூல் அது. தமிழில் கதையை அளக்க ஒரு கோல் செய்தவர்களில் அவர் முன்னோடி.

நேர்முகத் தேர்வு நடந்தது. அதைப்பற்றி ஒரு கதை வழங்குகிறது. குற்றியலுகரத்துக்கு உதாரணம் கேட்டாராம் சாஸ்திரி. இளைஞர் வேதாசலமோ, அஃது எனக்குத் தெரியாது என்றாராம். மற்றவர்கள் திகைத்தார்கள். சாஸ்திரி மகிழ்ந்து போனாராம். ஏன் தெரியுமா? அஃது என்பது ஆய்தத் தொடர்க் குற்றியலுகரம். எனக்கு என்பது வன்தொடர்க் குற்றியலுகரம். தெரியாது என்பது உயிர்த்தொடர்க் குற்றியலுகரம். தெரியாது என்று சொல்வதுபோல் மூன்று உதாரணங்களைக் கொடுத்துவிட்டார்!

கதை உண்மையோ, புனைந்ததோ, வேலை கிடைத்தது உண்மை. 1898-ம் ஆண்டு மார்ச் மாதம் முதல் பதின்மூன்று ஆண்டுகள் அங்கே அவர் ஆசிரியர். பின்னாளில் நாவலர் என்று பெயர் பெற்ற சோமசுந்தர பாரதியார் அங்கே அவரிடம் படித்தவர்.

அந்தக் கல்லூரிக்கும் தமிழ் நாவலுக்கும் முன்பே உறவு இருந்தது. கமலாம்பாள் சரித்திரம் எழுதிய ராஜம் ஐயர் அங்கே படித்தவர். பத்மாவதி சரித்திரம் எழுதிய மாதவையாவும் அங்கே படித்தவர். தமிழின் முதல் நாவலான பிரதாப முதலியார் சரித்திரம் 1879-ல் வெளிவந்து அப்போது இருபது ஆண்டுகூட ஆகவில்லை. நாவல் புதுச் சரக்கு. எல்லோரும் ஆவலாகப் படித்தார்கள். ஆனால் அதைப்பற்றிப் பேசத் தமிழில் வார்த்தை பழகவில்லை.

வகுப்பில் வந்த மாற்றம்

அந்தக் காலத் தமிழ் வகுப்பு எப்படி இருந்தது? ஆசிரியர் பாட்டின் ஒரு வரியைப் படிப்பார். ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் சொல்வார். இலக்கணக் குறிப்பு சொல்வார். அடுத்த வரிக்குப் போவார். பாட்டு முடிந்ததும் எல்லாச் சொல்லுக்கும் அர்த்தம் தெரிந்திருக்கும். பாட்டு என்ன செய்தது என்பது மட்டும் தெரியாது. தோசையைப் பிய்த்து உப்பு எவ்வளவு, உளுந்து எவ்வளவு என்று கணக்குப் பார்த்துவிட்டு, சாப்பிடாமல் எழுந்து போவது போல!

வேதாசலம் வேறு வழியில் போனார். முல்லைப்பாட்டு என்ற சங்கப் பாட்டு கல்லூரியில் பாடமாக இருந்தது. நப்பூதனார் பாடியது. 103 அடிகள்தான். பத்துப்பாட்டில் இதுவே சிறியது. 1903-ல் இதற்கு ஓர் ஆராய்ச்சி உரை எழுதி வெளியிட்டார். பாட்டு என்றால் என்ன என்று முதலில் கேட்டார். பிறகு முல்லைப்பாட்டை முழுசாக எடுத்து, ஒரே பொருளாகப் பார்த்தார். தமிழில் இப்படி ஒரு நூல் அதுவரை வந்ததில்லை.

முல்லைப்பாட்டில் என்ன நடக்கிறது? மழைக்காலம். மாலை நேரம். போருக்குப் போன அரசன் இன்னும் திரும்பவில்லை. அரண்மனையில் அரசி காத்திருக்கிறாள். வயதான பெண்கள் நெல்லும் முல்லைப் பூவும் எடுத்துக்கொண்டு ஊருக்கு வெளியே போய் நல்ல சொல் கேட்க நிற்கிறார்கள். அங்கே ஒரு கன்றுக்குட்டி தாயைக் காணாமல் வருந்துகிறது. இடையர் வீட்டுப் பெண் ஒருத்தி, உன் அம்மா இப்போது வந்துவிடுவாள் என்று அதைத் தேற்றுகிறாள். இது காதில் விழுகிறது. நல்ல சகுனம் என்று ஓடி வந்து அரசியிடம் சொல்கிறார்கள். அவளுக்கு ஆறுதல் வரவில்லை.

அங்கிருந்து பாட்டு பாசறைக்குப் போகிறது. காட்டை வெட்டி, முள்வேலி போட்டு அமைத்த போர்ப்பாசறை. நாழிகை பார்த்துச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். யவனர்கள் காவல் நிற்கிறார்கள். அரசனுக்குத் தூக்கம் இல்லை. அடிபட்ட யானைகளையும் இறந்துபோன வீரர்களையும் நினைத்துக்கொண்டிருக்கிறான். மறுபடி பாட்டு அரண்மனைக்கு வருகிறது. கூரையில் இருந்து மழைநீர் கொட்டும் ஓசையைக் கேட்டபடி அரசி கிடக்கிறாள். அந்தக் காதில், வெற்றியோடு திரும்பும் தேர்க் குதிரைகளின் ஆரவாரம் வந்து விழுகிறது. அவ்வளவுதான். பாட்டு முடிந்துவிடுகிறது.

இதை ஒரு சிறுகதை என்றே சொல்லலாம். இன்று கல்லூரிகளில் கதையைப்பற்றிப் பேச என்னென்ன சொற்களைக் கற்றுக்கொடுக்கிறார்களோ, அவற்றில் பெரும்பாலானவற்றை இந்த 103 அடிகளை வைத்தே விளக்கிவிடலாம்.

பழைய பெயர்களும் புதிய பெயர்களும்

கதை நடக்கும் இடமும் நேரமும் சேர்ந்ததைக் களம் என்றும் பின்னணி என்றும் இப்போது சொல்கிறார்கள். தொல்காப்பியம் இதற்கு முதற்பொருள் என்று பெயர் வைத்தது. நிலமும் பொழுதும் முதற்பொருள். முல்லைக்கு நிலம் காடு. பொழுது மழைக்காலமும் மாலையும். முதலில் இதைச் சொல்லிவிட்டால் போதும், கேட்பவர் மனம் காத்திருப்பதற்குத் தயாராகிவிடும். கோடைக்கால நடுப்பகலில் இதே அரசியை உட்காரவைத்தால் பாட்டு வேறாகிவிடும். களம் என்பது நாடக மேடையின் பின்னால் தொங்கும் படுதா அல்ல. கதையை நடத்தும் ஒரு கை.

அந்த நிலத்தில் இருக்கும் பூ, விலங்கு, மக்கள், தொழில் எல்லாம் கருப்பொருள். முல்லைப் பூ, கன்று, இடையர் பெண் ஆகியவை இப்படி வந்தவை. உள்ளத்தில் நடப்பது உரிப்பொருள். இங்கே அது பொறுத்திருத்தல். இன்று இதைக் கதையின் மையக் கருத்து என்கிறோம். ஒரு சின்னக் குழப்பம் இங்கே உண்டு. இப்போது பலர் மையக் கருத்தையே கருப்பொருள் என்று எழுதுகிறார்கள். பழைய இலக்கணத்தில் கருப்பொருள் வேறு. தேர்வு எழுதும் பிள்ளைகள் இதைக் கவனித்துக்கொள்ளவேண்டும்.

கன்றுக்குட்டி எதற்கு வந்தது? கதைக்கு ஒரு சகுனம் தேவைப்பட்டதாலா? அது மட்டும் அல்ல. தாயை எதிர்பார்க்கும் கன்றும், கணவனை எதிர்பார்க்கும் அரசியும் ஒரே நிலையில் இருக்கிறார்கள். கன்றுக்குச் சொன்ன ஆறுதல் அவளுக்கும் சொன்ன ஆறுதல் ஆகிறது. ஒன்றைக் காட்டி மற்றொன்றை உணர்த்தும் இந்த வித்தைக்குப் பழைய இலக்கணத்தில் உள்ளுறை, இறைச்சி என்று பெயர்கள் உண்டு. இன்றைய விமர்சகர்கள் குறியீடு, படிமம் என்பார்கள். இவை அப்படியே ஒன்றல்ல. ஆனால் ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

யார் கண்ணால் கதையைப் பார்க்கிறோம் என்பதற்கு இப்போது நோக்குநிலை என்று பெயர். பழைய இலக்கணத்தில் இதற்குக் கூற்று என்று பெயர். தலைவி கூற்று, தோழி கூற்று என்று அகப்பாட்டுகளுக்குக் குறிப்பு எழுதி வைத்தார்கள். பேசுகிறவர் யார் என்று தெரியாமல் பாட்டைப் படிக்காதே என்பது இதன் பொருள். முல்லைப்பாட்டில் பேசுவது புலவர். ஆனால் முடிவில் பாட்டு அரசியின் காதுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. அரசன் இறங்கி வருவதைப் புலவர் காட்டவே இல்லை. ஓசையைக் கேட்கவைத்துவிட்டு நிறுத்திக்கொள்கிறார். என்ன துணிச்சல்!

இவ்வளவு பெயர்கள் நம்மிடம் இருந்தன. இல்லாத ஒன்றும் இருந்தது. ஒரு சம்பவம் அடுத்த சம்பவத்தை எப்படிப் பெறுகிறது என்று பேச அகப்பாட்டின் இலக்கணத்தில் இடம் குறைவு. அகப்பாட்டு ஒரு நொடியைப் பிடித்து வைப்பது. நாவலோ நூற்றுக்கணக்கான பக்கம் ஓடுவது. அதற்கான சொற்களை நாடக இலக்கணத்திலும் ஆங்கிலப் புத்தகங்களிலும் பார்த்து ஆக்கிக்கொள்ள வேண்டியிருந்தது.

உரையாசிரியரோடு வழக்கு

முல்லைப்பாட்டுக்குப் பழைய உரை எழுதியவர் நச்சினார்க்கினியர். பெரிய அறிஞர். ஆனால் அவருக்கு ஒரு பழக்கம். பாட்டின் ஓர் அடியில் இருக்கும் சொல்லை எடுத்து எங்கோ தொலைவில் இருக்கும் மற்றோர் அடியோடு சேர்த்துப் பொருள் சொல்வார். வேதாசலம் இதை மறுத்தார். புலவர் வைத்த வரிசையிலேயே பாட்டைப் படிக்கலாம். அப்படிப் படித்தால்தான் அழகு தெரியும் என்று அடி அடியாகக் காட்டினார்.

இருபத்தேழு வயது ஆசிரியர், நூற்றாண்டுகளாக மதிக்கப்பட்ட உரையாசிரியரை மறுத்து எழுதுவதா? அக்காலப் புலவர் பலருக்கு இது பிடிக்கவில்லை. அவர் பின்வாங்கவில்லை. 1906-ல் பட்டினப்பாலைக்கும் இதே முறையில் ஆராய்ச்சி உரை எழுதினார்.

இது புலவர்களுக்குள் நடந்த சில்லறைச் சண்டை அல்ல. வரிசையை மாற்றினால் கதை மாறிவிடும். கன்றுக்குட்டி முதலில் வந்து, பாசறை பிறகு வந்து, கடைசியில் குதிரைச் சத்தம் வரவேண்டும். இந்த அடுக்கைத்தான் இன்று கதைப்பின்னல் என்றும் கதைக்கோப்பு என்றும் சொல்கிறார்கள். 1903-ல் அவர் போராடியது இதற்காகத்தான் என்று சொன்னால் மிகையாகாது.

அந்த 1903-ம் ஆண்டே நவம்பரில் சூரியநாராயண சாஸ்திரி காசநோயால் இறந்தார். வயது 33. நாடகவியல் செய்த கை ஓய்ந்தது.

சகுந்தலையின் மோதிரம்

வேதாசலம் வடமொழியும் கற்றிருந்தார். காளிதாசனின் சாகுந்தலத்தை 1907-ல் தமிழாக்கினார். பல ஆண்டு கழித்து 1934-ல் அந்த நாடகத்துக்கு ஒரு தனி ஆராய்ச்சி நூலும் எழுதினார்.

கதைக்கும் கதைப்பின்னலுக்கும் என்ன வேறுபாடு என்று கேட்பவருக்குச் சகுந்தலையைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. மகாபாரதத்தில் சகுந்தலை கதை இருக்கிறது. அரசன் காட்டில் அவளை மணக்கிறான். பிறகு அவள் சபைக்கு வந்தபோது தெரியாதவன்போல் நடிக்கிறான். அங்கே மோதிரமும் இல்லை. துர்வாசரின் சாபமும் இல்லை. காளிதாசன் இரண்டையும் கொண்டுவந்து சேர்த்தான். சாபத்தால் அரசன் மறந்தான். மோதிரம் ஆற்றில் விழுந்ததால் நினைவு வரவில்லை. மீன் வயிற்றில் மோதிரம் கிடைத்ததும் நினைவு வந்தது. நடந்தது அதே கதைதான். ஆனால் இப்போது ஒவ்வொன்றுக்கும் காரணம் இருக்கிறது. அதோடு, பொய்யன் ஆகவேண்டிய அரசன் பரிதாபத்துக்கு உரியவன் ஆகிவிட்டான். பின்னல் மாறினால் பாத்திரமும் மாறும்!

ஃபார்ஸ்டர் என்ற ஆங்கில நாவலாசிரியர் 1927-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார். ஒன்றன்பின் ஒன்றாக நடந்ததைச் சொல்வது கதை. ஒன்றால் ஒன்று நடந்தது என்று காட்டுவது பின்னல் என்று அவர் பிரித்தார். உலகம் முழுவதும் இன்று இதைத்தான் பாடம் சொல்கிறார்கள். காளிதாசன் மோதிரத்தைப் போட்டே இதைச் செய்து காட்டியிருந்தான்.

நாவல் எழுதினார்

மற்றவர் எழுதியதை எடைபோடுகிறவர் தாமும் எழுதிக் காட்டவேண்டும் என்று யாரும் அவரைக் கேட்கவில்லை. அவரே எழுதினார்.

முதலில் ஆங்கிலக் கட்டுரையாளர் அடிசனின் கட்டுரைகளைத் தமிழாக்கி, 1908-ல் சிந்தனைக் கட்டுரைகள் என்று வெளியிட்டார். அடிசன் 1712-ல் தம் நாளேட்டில் மில்டனின் காவியத்தை விளக்கித் தொடர் கட்டுரை எழுதியவர். படித்த பண்டிதர்களுக்காக அல்ல. காபிக் கடையில் பேப்பர் படிக்கும் சாதாரண ஜனங்களுக்காக. அடிசனை வேதாசலம் தேர்ந்தெடுத்தது வெறும் தற்செயலாக இருக்க முடியாது.

1911-ல் குமுதவல்லி அல்லது நாகநாட்டரசி என்ற நாவல் வந்தது. ரெயினால்ட்ஸ் என்ற ஆங்கிலேயரின் நாவலைத் தழுவியது. ரெயினால்ட்ஸ் கதைகளுக்கு அப்போது இந்தியாவில் பெரிய கிராக்கி. ஆரணி குப்புசாமி முதலியாரும் அவர் கதைகளைத் தமிழில் கொண்டுவந்தவர். மூலக்கதை காக்கசஸ் மலைப்பக்கத்து மிங்ரேலியாவில் நடப்பது. வேதாசலம் அதை நம் நாட்டுக்கு மாற்றி, மாந்தருக்கு நம் பெயர்களை வைத்தார்.

நாவல் எப்படி? உள்ளதைச் சொல்லவேண்டும். வாக்கியங்கள் நீளம். வர்ணனை தொடங்கினால் லேசில் முடியாது. கதைமாந்தர் எல்லோரும் தமிழாசிரியர்போல் பேசுவார்கள். முல்லைப்பாட்டில் எதைப் போற்றினாரோ, அந்தச் சிக்கனம் அவருடைய நாவலில் இல்லை. விமர்சகருக்கு ஒரு கை. படைப்பாளிக்கு ஒரு கை. இரண்டும் ஒரே அளவில் வாய்ப்பது அபூர்வம்.

1921-ல் வந்த கோகிலாம்பாள் கடிதங்கள் இதைவிட முக்கியமானது. நாவல் முழுதும் கடிதங்கள். இங்கிலாந்தில் ரிச்சர்ட்ஸன் 1740-ல் பமேலா என்ற நாவலைக் கடிதங்களாக எழுதிப் புகழ் பெற்றார். தமிழில் இது புதுமை. கோகிலாம்பாள் பிராமணக் குடும்பத்துப் பெண். சிறு வயதிலேயே கணவனை இழந்தவள். அவளுக்குக் காதல் வருகிறது.

இதே கதையை வெளியில் நின்று ஆசிரியர் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அந்தக் காலத்து வாசகர் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, விதவைக்குக் காதலா என்று சண்டைக்கு வந்திருப்பார். கடிதத்தில் அவளே பேசுகிறாள். அவளுக்குத் தெரிந்தது மட்டும் நமக்குத் தெரியும். அவள் பயந்தால் நமக்கும் பயம். தீர்ப்புச் சொல்ல வந்தவர் அவள் பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறார். நோக்குநிலை என்ற சொல்லுக்கு இத்தனை பலம். இளம் விதவைகள் வீட்டுக்குள் முடங்கிக் கிடந்த நாட்களில் இந்தப் பலம் விளையாட்டுப் பொருள் அல்ல.

வேலை போயிற்று

இதற்கிடையே 1911-ல் வாழ்க்கை திரும்பிவிட்டது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் புதிய விதிப்படி, பட்டப் படிப்புக்குத் தமிழ் கட்டாயம் இல்லை என்று ஆயிற்று. தமிழ் வகுப்பில் கூட்டம் குறையும். தமிழாசிரியர்களுக்கு வேலையும் குறையும். 1911-ம் ஆண்டு ஏப்ரலில் வேதாசலம் கல்லூரியை விட்டு வெளியேறினார்.

மனைவி சவுந்தரவல்லி. பிள்ளைகள் பலர். நிரந்தர வருமானம் கிடையாது. பல்லாவரத்துக்குக் குடிவந்தார். அந்த ஆண்டு ஆகஸ்டில் காவி உடுத்தித் துறவு பூண்டார். வீட்டை விட்டு ஓடவில்லை. வீட்டிலேயே குடும்பத்தோடு இருந்த துறவி அவர். சொற்பொழிவும் புத்தகமும்தான் பிழைப்பு. 1902 முதல் நடத்திய ஞானசாகரம் என்ற பத்திரிகையை விடாமல் காப்பாற்றப் பாடுபட்டார். சைவத் தொண்டும் தொடர்ந்தது. இலங்கைக்கும் சென்று பேசினார்.

தேகமா, யாக்கையா?

1916-ம் ஆண்டு. பல்லாவரம் வீட்டுத் தோட்டம். மகள் நீலாம்பிகையோடு அடிகள் உலாவினார். வள்ளலார் பாட்டு ஒன்று பாடினார். அதில் தேகம் என்ற சொல் வந்தது. அது வடசொல். அதற்குப் பதில் யாக்கை என்ற தமிழ்ச் சொல் இருந்தால் ஓசை இன்னும் இனிக்குமே என்றார் தந்தை. இனி நாம் தனித்தமிழில் பேசினால் என்ன என்று மகள் கேட்டாள். இப்படித்தான் தனித்தமிழ் இயக்கம் பிறந்தது என்று கூறுவார்கள். நீலாம்பிகைக்கு அப்போது வயது பதின்மூன்று.

வேதம் என்றால் மறை. அசலம் என்றால் மலை. வேதாசலம் மறைமலை ஆனார். ஞானசாகரம் அறிவுக்கடல் ஆயிற்று. அவர் நிறுவிய சமரச சன்மார்க்க நிலையம் பொதுநிலைக் கழகம் ஆயிற்று. பழைய நூல்களை மறுபடி அச்சிட்டபோது வடசொற்களைத் தேடி எடுத்துவிட்டுத் தமிழ்ச் சொற்களை வைத்தார். வடசொற்களுக்கு நேரான தமிழ்ச் சொற்களைத் திரட்டி நீலாம்பிகை ஓர் அகரவரிசை நூலே செய்தார்.

கேலி செய்தவர்கள் ஏராளம். குமுதமும் கோகிலமும் எந்த ஊர்ச் சொல் என்று கேட்டால் அடிகளின் கதாநாயகிகளே மாட்டிக்கொள்வார்கள் என்பதும் உண்மைதான். தனித்தமிழுக்குத் தலைவரான அவர் தம் நாட்குறிப்பை ஆங்கிலத்தில் எழுதிவந்தார் என்பதும் உண்மைதான்.

ஆனாலும் கதையைப்பற்றிப் பேசும் தமிழில் அந்த இயக்கத்தின் தடம் ஆழமாகப் பதிந்துவிட்டது. பாடப்புத்தகத்தைத் திறந்தால் தெரியும். நாவல் என்று இருந்த இடத்தில் புதினம் என்று இருக்கும். பாத்திரம் என்று இருந்த இடத்தில் கதைமாந்தர் என்று இருக்கும். கற்பனைக் கதை எல்லாவற்றுக்கும் சேர்த்துப் புனைகதை என்று பெயர். இவற்றை எல்லாம் அடிகளே ஆக்கினார் என்று சொல்ல முடியாது. தமிழ் வேரில் இருந்து சொல் செய்யலாம் என்ற துணிவைக் கொடுத்தவர் அவர்.

வார இதழ்களோ நாவல் என்றும் பாத்திரம் என்றும் எழுதுவதை விடவில்லை. ஜனங்களும் விடவில்லை. வீட்டுத் திண்ணையில் பேசும்போது நாவல், தேர்வுத்தாளில் எழுதும்போது புதினம் என்று இரண்டும் வாழ்கின்றன. இதில் கெடுதல் ஒன்றும் இல்லை. அடிகளுக்குத்தான் இது பிடித்திருக்காது!

கடைசிக் காலம்

அவர் எழுதியவை ஐம்பது நூல்களுக்கு மேல். மாணிக்கவாசகர் வரலாறும் காலமும் என்ற பெரிய நூல் 1930-ல் வந்தது. கையில் பணம் வந்தால் புத்தகம் வாங்குவார். தமிழும் ஆங்கிலமும் வடமொழியுமாகச் சுமார் 4,000 நூல்கள் சேர்ந்தன. அதற்கு மணிமொழி நூல்நிலையம் என்று பெயர் வைத்திருந்தார்.

1950-ம் ஆண்டு செப்டம்பர் 15-ந் தேதி அடிகள் பல்லாவரத்தில் காலமானார். வயது 74.

புத்தகங்கள் பொதுமக்களுக்குப் பயன்படவேண்டும் என்பது அவர் விருப்பம். சைவ சித்தாந்த நூற்பதிப்புக் கழகத்தார் அவற்றை ஏற்று, 1958-ல் சென்னை லிங்கிச் செட்டித் தெருவில் மறைமலை அடிகள் நூல்நிலையத்தைத் திறந்தார்கள். பல ஆண்டுகள் கழித்து அந்த நூல்நிலையம் எழும்பூர் கன்னிமாரா நூலக வளாகத்துக்கு வந்தது. அடிகளின் நூல்களும் அங்கே போய்ச் சேர்ந்தன.